டைமர் வைத்தும் எழாத சிப்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் முறை

நிலாவெளிக் கிணற்றில் உப்புத்தன்மை பார்க்கும் கருவி, தம்பலகாமத்து வாய்க்காலில் நீர்மட்டம் அளக்கும் கருவி, கூரை மேல் மழைமானி: மூன்றுக்கும் வேலை ஒன்றுதான். மணிக்கு ஒரு தடவை எழுந்து, இரண்டு செக்கன் அளந்து, எழுதி வைத்துவிட்டு மறுபடி உறங்க வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப் (கீழே சுருக்கமாக 328பி). ப்ரோ மினி, நானோ என்ற சிறு ஆர்டுயினோ போர்டுகளில் இருப்பதும் அந்தச் சிப்தான். வைஃபை வேண்டியவர்கள் இஎஸ்பி32 அல்லது இஎஸ்பி8266 போடுகிறார்கள்.

"டைமர் வைத்தேன், எழவில்லை" என்றதும் புரோகிராமை மாற்றி எழுத உட்காருவது வீண் வேலை. அந்த ஒரு முறைப்பாட்டுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு பிழைகள் ஒளிந்திருக்கலாம். சிப் உறங்கவே இல்லாமல் இருக்கலாம். உறங்கி எழாமல் இருக்கலாம். எழுந்த கையோடு ரீசெட்டாகி முதலிலிருந்து தொடங்கலாம். வெளியே நின்று பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்ட ஒரு எல்.ஈ.டியும் ஒரு மல்டிமீற்றரும் போதும்.

எல்.ஈ.டிக்கு இப்படி எழுதுங்கள்: புரோகிராம் ஆரம்பத்திலிருந்து தொடங்கினால் மூன்று தடவை வேகமாக மின்னட்டும், டைமரால் எழுந்தால் ஒரே தடவை நீளமாக மின்னட்டும். சீரியல் திரையை (சிப் கணினிக்கு அனுப்பும் எழுத்துகள் தெரியும் திரை) நம்பி இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். அனுப்பி முடிவதற்குள் சிப் உறங்கிவிட்டால் கடைசி எழுத்துகள் குப்பையாக வரும், அதைப் பார்த்து இல்லாத பிழையைத் தேடுவீர்கள். சீரியல் வேண்டுமென்றால் உறங்குவதற்கு முன் ஃப்ளஷ் கட்டளை (அனுப்பி முடியும்வரை காத்திருக்கச் சொல்வது) கட்டாயம்.

மீற்றர் பொருத்துவதில் ஒரு பொறி

பற்றரியின் நேர்முனைக்கும் போர்டுக்கும் நடுவே மீற்றரைத் தொடராக இணைக்கிறோம். மலிவு மீற்றர்களில் 2000 மைக்ரோஆம்பியர் அளவில் உள்ளே ஏறத்தாழ 100 ஓம் தடை நிற்கிறது. 200 மைக்ரோஆம்பியர் அளவில் 1000 ஓம். சிப் உறங்கும்போது இது தெரியாது. எழுந்து 15 மில்லிஆம்பியர் இழுத்ததும் 100 ஓமில் 1.5 வோல்ட் விழுந்துவிடும், 3.3 வோல்ட் சிப்புக்கு 1.8 தான் மிஞ்சும். அங்கே நடக்கும் ரீசெட்டுக்குக் காரணம் மீற்றர்தான்.

மீற்றரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடை, மின்னோட்டம் போகும் திசையிலேயே போடுங்கள். அதிக மின்னோட்டம் டயோடு வழியே போய்விடும், வீழ்ச்சி 0.7 வோல்ட் அளவில் நின்றுவிடும். உறக்கத்தில் 10 மைக்ரோஆம்பியருக்கு 100 ஓமில் விழுவது 1 மில்லிவோல்ட். அதற்கு டயோடு திறக்காது, எனவே அளவு கெடாது. இஎஸ்பி வகைகளுக்கு அந்த 0.7 கூட அதிகம். மீற்றருக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச் போட்டு, எழும் நேரத்தில் மூடி, உறங்கியபின் திறந்து பாருங்கள்.

மீற்றர் கைவசம் இல்லாவிட்டால் பற்றரி தீரும் காலமே கணக்குச் சொல்லும். 2500 மில்லிஆம்பியர்-மணி 18650 லிதியம் பற்றரி ஒன்று மூன்று வாரத்தில் தீர்ந்தால், 2500ஐ 500 மணியால் வகுத்தால் 5 மில்லிஆம்பியர். மணிக்கு இரண்டு செக்கன் 15 மில்லிஆம்பியர் இழுக்கும் கருவியின் விழிப்புச் செலவு சராசரியாக 8.3 மைக்ரோஆம்பியர் மட்டுமே. ஆகவே அந்த 5 மில்லிஆம்பியர் முழுவதும் "உறங்கும்" நேரத்தில்தான் போகிறது.

அறிகுறி: எழுகிறது, ஆனால் பற்றரி நிற்கவில்லை

இங்கே மீற்றர் காட்டும் எண்ணே பாதி விடை.

20 மில்லிஆம்பியருக்கு மேல் என்றால் அது யூனோ போன்ற பெரிய போர்டாக இருக்கும். யூ.எஸ்.பி சிப்பும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் எப்போதும் விழித்திருக்கும். அந்தப் போர்டில் எழுதிப் பழகலாம், கிணற்றடியில் வைக்கக் கூடாது.

3 முதல் 10 வரை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று ரெகுலேட்டர்: ஏஎம்எஸ்1117 சுமையே இல்லாமல் சுமார் 5 மில்லிஆம்பியர் குடிக்கும். அதைக் கழற்றி எம்சிபி1700 (ஓய்வில் 1.6 மைக்ரோஆம்பியர், அதிகபட்சம் 250 மில்லிஆம்பியர்) போடுங்கள். வைஃபை சிப்புக்கு 250 போதாது. எச்டி7833 போன்ற 500 மில்லிஆம்பியர் ரகம் வேண்டும். இன்னொன்று, சிப் ஆழ்ந்து உறங்கவில்லை. எந்த ஸ்லீப் மோட் (உறக்க நிலை) என்று சொல்லாமல் விட்டால் 328பி 'ஐடில்' மோடிலேயே போகும். மில்லிஸ் கணக்குக்காக (தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிசெக்கன்) ஓடும் டைமர்0, 16 மெகாஹெர்ட்சில் 1.024 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, 8 மெகாஹெர்ட்சில் 2.048க்கு ஒரு தடவை அதை எழுப்பிவிடும். உறங்கு என்று சொன்ன அடுத்த வரி உடனே ஓடுகிறதென்றால் இதுதான். 'பவர் டவுன்' மோடைத் தேர்ந்தெடுத்தாயிற்றா என்று பாருங்கள்.

1 முதல் 3 வரை: பவர் எல்.ஈ.டி. சூட்டுக்கோலால் எடுத்துவிடுங்கள், அல்லது அதன் ரெசிஸ்டருக்குப் போகும் செம்புத் தடத்தைக் கத்தியால் வெட்டுங்கள்.

0.7 அளவில் அசையாமல் நின்றால் ஐ2சி கம்பி (சிப்பும் சென்சரும் பேசிக்கொள்ளும் இணைப்பு). சென்சருக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டீர்கள், ஆனால் கம்பியை உயர்நிலைக்கு இழுத்து வைக்கும் 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் இன்னும் 3.3 வோல்ட்டில் தொங்குகிறது: 3.3ஐ 4.7ஆல் வகுத்தால் 0.7. புல்-அப்பையும் சென்சரின் மின்வழியிலேயே இணையுங்கள். மின்சாரம் நிறுத்திய சென்சருக்குப் போகும் எந்தச் சிக்னல் கம்பியையும் உயர்நிலையில் விடக்கூடாது; பாதுகாப்பு டயோடு வழியாகச் சென்சர் அரைகுறையாக உயிரோடிருக்கும், அடுத்த தடவை சரியாக ரீசெட்டாகாது.

0.2 முதல் 0.4 வரை: ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) ஓடுகிறது. 328பியில் ஏடிசியை நீங்களே நிறுத்தாவிட்டால் எல்லா ஸ்லீப் மோடிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். வரிசையும் முக்கியம். முதலில் ஏடிசியின் இயக்க பிட்டை அணைக்க வேண்டும், அதன்பிறகே மின்குறைப்பு ரெஜிஸ்டரில் (ரெஜிஸ்டர் என்பது சிப்பின் அமைப்புகளை வைக்கும் சிறு நினைவிடம்) அதன் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். தலைகீழாகச் செய்தால் கடிகாரம் போய்விடும், ஏடிசி அணையாது, புரோகிராமில் "அணைத்தேன்" என்ற வரி மட்டும் இருக்கும்.

25 மைக்ரோஆம்பியர் என்றால் பிரவுன்-அவுட் காவல் (மின்னழுத்தம் குறைந்தால் ரீசெட் செய்வது) இயங்குகிறது. உறங்கும்போது அதை நிறுத்தலாம், ஆனால் நிறுத்தும் பிட்டை எழுதிய மூன்று கடிகாரத் துடிப்புக்குள் ஸ்லீப் கட்டளை வர வேண்டும். வாட்ச்டாக் (சிப்புக்குள் தனியே ஓடும் காவல் டைமர்) ஓடியபடி 4 முதல் 7 மைக்ரோஆம்பியர் வந்தால் அதற்குமேல் துருவ வேண்டியதில்லை.

கையைக் கிட்டக் கொண்டுபோனால் எண் ஏறி இறங்குகிறதா? எங்கோ ஒரு உள்ளீட்டுக் கால் அந்தரத்தில் நிற்கிறது. பயன்படாத கால்களை எல்லாம் வெளியீடாக்கித் தாழ்நிலையில் வையுங்கள்.

அறிகுறி: உறங்கியது, எழவே இல்லை

மீற்றரில் சில மைக்ரோஆம்பியர், எல்.ஈ.டி அசைவில்லை. 328பியில் முதல் கேள்வி: எந்த டைமர்? பவர் டவுனில் டைமர்0, டைமர்1 இரண்டும் நின்றுபோகும், ஏனென்றால் அவற்றை ஓட்டும் கடிகாரமே நிற்கிறது. டைமர்1 ஒப்பீட்டு இன்டரப்டை (இன்டரப்ட் என்பது சிப்பை இடைமறித்து அழைக்கும் சிக்னல்) வைத்துக்கொண்டு எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. அங்கே எழுப்பக்கூடியவை தனி 128 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டரில் ஓடும் வாட்ச்டாக்கும், வெளியிலிருந்து வரும் இன்டரப்டும்தான். 'பவர் சேவ்' மோடில் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகத்தோடு (கிரிஸ்டல்) டைமர்2ஐயும் பயன்படுத்தலாம்.

வாட்ச்டாக் என்றால் அதன் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் பிட்களைக் கையால் எழுதிப் பாருங்கள். 6ஆம் பிட் இன்டரப்ட். 4ஆம் பிட் மாற்றத்துக்கு அனுமதி. 3ஆம் பிட் ரீசெட். நேரத்தைத் தீர்மானிக்கும் நான்கு பிட்களில் மூன்று 2, 1, 0 ஆம் இடங்களில் இருக்க, நான்காவது மட்டும் தனியே 5ஆம் இடத்தில் குந்தியிருக்கிறது. 8 செக்கனுக்கு நேரக் குறியீடு 9, அதாவது 1001. அதை அப்படியே ரெஜிஸ்டரில் போட்டால் மேல் பிட் 5ஆம் இடத்துக்குப் போகாது, 3ஆம் இடத்தில் விழும். 3ஆம் இடம் ரீசெட். மிச்சமிருக்கும் 001க்கு 32 மில்லிசெக்கன். எட்டுச் செக்கன் உறக்கம் கேட்டவருக்குச் செக்கனுக்கு முப்பது ரீசெட் கிடைக்கும். இந்தச் சிப்பில் அடிக்கடி காணும் பிழை இதுவே.

சரியான வரிசை: இன்டரப்ட்களை நிறுத்துங்கள், வாட்ச்டாக்கின் எண்ணிக்கையை ஒரு தடவை சுழியமாக்குங்கள், ரெஜிஸ்டரில் 00011000 எழுதுங்கள், அடுத்த நான்கு துடிப்புக்குள் 01100001 எழுதுங்கள், இன்டரப்ட்களைத் திறந்துவிடுங்கள். இரண்டாவது எண்ணை அந்த வரியிலேயே கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டால் நான்கு துடிப்பு தாண்டிவிடும், எழுத்து ஏறாது. மதிப்பை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

உறங்கும் வரியிலும் ஒரு இடுக்கு இருக்கிறது. "இன்டரப்ட் வந்ததா?" என்று கொடியை (நடந்ததைக் குறித்து வைக்கும் அடையாளம்) பார்த்து, "இல்லை, உறங்கு" என்று போவதற்கு இடைப்பட்ட கணத்தில் இன்டரப்ட் வந்து போய்விட்டால், சிப் எழுப்ப ஆளில்லாமல் உறங்கும். நாட்கணக்கில் ஒழுங்காக ஓடி, ஒருநாள் காரணமில்லாமல் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். இன்டரப்ட்களை மூடி, கொடியைப் பார்த்து, ஸ்லீப் அனுமதி பிட்டைப் போட்டு, இன்டரப்ட்களைத் திறந்து, உடனடியாக அடுத்த கட்டளையாக ஸ்லீப் வர வேண்டும். திறக்கும் கட்டளைக்கு அடுத்த ஒரு கட்டளை ஓடிய பிறகே நிலுவையிலுள்ள இன்டரப்ட் கவனிக்கப்படும் என்பது 328பி சேர்ந்த ஏவிஆர் சிப் குடும்பத்தின் விதி. இடுக்கு அதனால் அடைபடுகிறது. நடுவில் வேறு எந்த வரியையும் நுழைக்காதீர்கள்.

டைமர்2 வைத்தவர்களுக்கு இன்னொரு வலை. எழுந்த உடனே மறுபடி உறங்கினால், படிகத்தின் ஒரு துடிப்பு கூட, அதாவது சுமார் 30 மைக்ரோசெக்கன் கூட, கடந்திராது. இன்டரப்ட் பகுதி தயாராக அவ்வளவு நேரமாவது வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை எழாது. உறங்கும் முன் டைமர்2இன் ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் ஏதாவதொரு மதிப்பை எழுதி, ஒத்திசைவு ரெஜிஸ்டரில் 'புதுப்பிப்பு நடக்கிறது' என்ற கொடி சுழியமாகும்வரை காத்திருங்கள். மின்சாரம் வந்ததும் படிகம் நிலைபெற ஒரு செக்கனாவது கொடுக்க வேண்டும். 328பியில் இந்தப் படிகமும் முதன்மைப் படிகமும் ஒரே இரண்டு கால்களைப் பங்கிடுகின்றன. ஆகவே சிப்பை உள் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரில் ஓட்டியே ஆக வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் பற்றவைத்து வந்த போர்டில் இது சரிவராது.

வெளியே டிஎஸ்3231 கடிகாரம் வைத்து எழுப்புகிறீர்கள் என்றால் பெரும்பாலும் முதல் தடவை எழும், இரண்டாம் தடவை எழாது. அலாரம் அடித்ததும் அதன் இன்டரப்ட் கால் தாழ்நிலைக்குப் போய் அங்கேயே நிற்கும். நிலை ரெஜிஸ்டரில் அலாரக் கொடியை நீங்கள் அழித்தால்தான் மேலே வரும். அந்தக் காலுக்குப் புல்-அப் இல்லாமலும் வேலை நடக்காது. 328பி பக்கத்தில் தாழ்நிலை இன்டரப்டைப் பயன்படுத்துங்கள்; இன்டரப்ட் ஓடியதும் அதற்குள்ளேயே அதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கால் தாழ்ந்திருக்கும் வரை அதே இன்டரப்டில் சுற்றிக்கொண்டிருக்கும். மலிவு மொடியூலில் சிஆர்2032 பொத்தான் பற்றரி போடுகிறவர்கள் அதிலுள்ள சார்ஜ் டயோடையோ 200 ஓம் ரெசிஸ்டரையோ எடுத்துவிடுங்கள். மீள்மின்னேற்ற முடியாத பற்றரிக்கு அது சார்ஜ் ஏற்றப் பார்க்கும்.

இஎஸ்பி32இல் எழாததற்கு அநேகமாக எண்தான் காரணம். உறக்க நேரத்தை மைக்ரோசெக்கனில் கேட்கிறது. 3600ஐ 1000000ஆல் பெருக்கினால் 360 கோடி. சாதாரண 32 பிட் முழு எண்ணின் எல்லை 214 கோடியே 74 இலட்சம் சொச்சம். எல்லை தாண்டிய எண் எதிர்மறையாகி, 64 பிட்டுக்கு மாறும்போது இராட்சத எண்ணாகிவிடும். 35 நிமிடம் வேலை செய்கிறது, 36 நிமிடம் வேலை செய்யவில்லை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். 75 நிமிடம் கேட்டால் இன்னும் வேடிக்கை: எண் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, 3 நிமிடம் 25 செக்கனில் எழுந்து நிற்கும். பெருக்கும் எண்களில் ஒன்றை 64 பிட் குறியற்ற எண்ணாக எழுதினால் தீர்ந்தது.

இஎஸ்பி8266க்குக் கணக்கு மட்டும் போதாது, கம்பியும் வேண்டும். நேரம் முடிந்ததும் அது 16ஆம் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு) காலைத் தாழ்த்தும். அந்தக் காலை ரீசெட் காலோடு இணைத்தால்தான் எழும். புரோகிராம் ஏற்றும்போது அந்த இணைப்பைக் கழற்றி வையுங்கள். எழுவது உண்மையான ரீசெட் என்பதால் 0, 2, 15 ஆம் கால்களின் நிலையும் அப்போது பார்க்கப்படும். அவற்றில் சென்சர் தொங்கினால் சிப் எழுந்தும் புரோகிராம் ஓடாது. உச்ச உறக்கம் ஏறத்தாழ மூன்றரை மணி. அதற்குமேல் வேண்டுமென்றால் எண்ணி எண்ணி உறங்க வேண்டியதுதான்.

அறிகுறி: ஒரு மின்னலுக்குப் பதில் மூன்று மின்னல்

எழுகிறது, ஆனால் ஆரம்பத்திலிருந்து. இஎஸ்பி32இன் ஆழ் உறக்கத்துக்கு இது இயல்பு: உறங்கு கட்டளைக்குக் கீழே எழுதிய எந்த வரியும் ஓடாது, மாறிகளும் அழிந்துவிடும். நிலைக்க வேண்டிய எண்ணிக்கையை ஆர்டிசி நினைவகத்தில் (ஆழ் உறக்கத்திலும் அழியாத பகுதி) வையுங்கள், எழுந்த காரணத்தைக் கேட்டறிந்து அதன்படி மின்னச் சொல்லுங்கள். அந்த நினைவகமும் அழிகிறதென்றால் மின்னழுத்தம் விழுகிறது. வைஃபை தொடங்கும் கணத்தில் சில நூறு மில்லிஆம்பியர் பாயும். மெல்லிய நீளக் கம்பி அதைத் தாங்காது. சிப்பின் காலடியிலேயே 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று போடுங்கள்.

328பியில் மூன்று மின்னல் வந்தால் மூன்று இடம். இன்டரப்ட் செயற்கூறே (இன்டரப்ட் வந்ததும் ஓடும் புரோகிராம் பகுதி) எழுதப்படவில்லை, அல்லது அதன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. கம்பைலர் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு விட்டுவிடும், இன்டரப்ட் வந்ததும் புரோகிராம் தொடக்கத்துக்குத் தாவும். செயற்கூறு வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும். இரண்டாவது, 3ஆம் பிட் தவறாக ஏறியிருக்கிறது. மூன்றாவது நுட்பமானது: ஒரு தடவை சரியாக எழுந்து, அடுத்த தடவை ரீசெட்டானால், இன்டரப்ட் பிட்டும் ரீசெட் பிட்டும் இரண்டுமே போடப்பட்டுள்ளன. அந்தக் கூட்டு மோடில் இன்டரப்ட் நடந்ததும் 6ஆம் பிட்டைச் சிப் தானாகவே அழித்துவிடும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் மீண்டும் போட வேண்டும். வயலில் கவனிப்பாரின்றி நிற்கும் கருவிக்கு இந்தக் கூட்டு மோட் நல்லது. புரோகிராம் எங்காவது சிக்கினால் அதுவே ரீசெட் செய்து மீட்கும்.

ரீசெட்டுக்குப் பின் எல்.ஈ.டி ஓயாமல் படபடத்து, புரோகிராமும் ஏறவில்லையென்றால் பழைய பூட்லோடர் (சிப்புக்குள் இருந்து புரோகிராமை ஏற்றித் தரும் சிறு நிரல்). வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் வாட்ச்டாக் மிகக் குறுகிய நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பூட்லோடர் அதை நிறுத்துவதற்குள் அடுத்த ரீசெட். மின்சாரத்தை முழுதாகக் கழற்றி மாட்டி, உடனே புரோகிராமை ஏற்றுங்கள். நிரந்தரத் தீர்வு, இன்னொரு ஆர்டுயினோவை ஐஎஸ்பியாக (சிப்பில் நேரடியாக எழுதும் கருவி) வைத்து ஆப்டிபூட் என்ற பூட்லோடரை எழுதுவது. பூட்லோடர் இல்லாத சிப் என்றால், புரோகிராம் தொடங்கியதும் முதலில் ரீசெட் காரண ரெஜிஸ்டரில் வாட்ச்டாக் கொடியை அழித்து, பிறகு வாட்ச்டாக்கை நிறுத்துங்கள். கொடி நிற்கும்வரை ரீசெட் பிட் அழியாது.

அறிகுறி: எழுகிறது, நேரம் பிசகுகிறது

8 செக்கனை 450 தடவை எண்ணினால் ஒரு மணி என்பது தாளில் மட்டும். வாட்ச்டாக் ஆசிலேட்டர் வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். ஒவ்வொரு 8ம் உண்மையில் 8.4ஆக இருந்தால் மணி 63 நிமிடமாகும், ஒரு நாளில் ஓர் அளவீடு காணாமல் போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் மூடிய பெட்டியின் உள்ளே 50 பாகை தாண்டுவது சாதாரணம், இரவில் அது இறங்கிவிடும். ஆகவே ஒரு நிலையான திருத்த எண் போதாது. மணிக்கு ஒரு தடவை எழும்போது, உறங்காமலேயே வாட்ச்டாக்கை 0.125 செக்கனுக்கு வைத்து, படிகத்தில் ஓடும் டைமர்1ஆல் அதை அளந்து, அடுத்த மணியின் எண்ணிக்கையை அந்த விகிதத்தில் மாற்றுங்கள். நேர முத்திரை சரியாக வேண்டியவர்கள் டிஎஸ்3231க்கே போகலாம்: 0 முதல் 40 பாகை வரை 10 இலட்சத்தில் 2 பங்கு பிசகு, அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். உறங்கும்போது மில்லிஸ் எண்ணாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அறிகுறி: மேசையில் சரி, கடற்கரையில் இல்லை

உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ சில மாதம் வெளியே நின்ற போர்டில் புரோகிராமைத் தேடாதீர்கள். உப்புப் படிவும், பற்றவைத்தபின் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸும், மாரியின் ஈரமும் சேர்ந்தால் கால்களுக்கு நடுவே மின்கசிவுப் பாதை உண்டாகும். முதலில் உறக்க மின்னோட்டம் 5 மைக்ரோஆம்பியரிலிருந்து மெல்ல ஏறும். அடுத்து 32 கிலோஹெர்ட்ஸ் படிகம் நிற்கும். அதை ஓட்டும் சக்தி மைக்ரோவாட் அளவுதான், சிறு கசிவும் அதை நிறுத்திவிடும். டைமர்2 முறையில் உறங்கிய சிப் அத்தோடு எழாது. பகலில் வெயிலேறிக் காய்ந்ததும் தானே ஓடும், விடியற்காலைப் பனியில் மறுபடி நிற்கும். கரையோரத்துக்கு வாட்ச்டாக் துல்லியமற்றதாக இருந்தாலும் நம்பகமானது என்பது அதனால்தான்.

ஐசோப்ரொப்பில் அல்கஹோலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உறக்க மின்னோட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள். பழைய எண் திரும்பினால் மட்டும் மேற்பூச்சு பூசுங்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் நிலைமை மோசமாகும். காப்புப் பூச்சு கிடைக்காதவிடத்து நிறமற்ற நகப்பூச்சு இரண்டு தடவை போதும், இணைப்பிகளையும் ஈரப்பத சென்சரின் துளையையும் விட்டுவிட்டு. கம்பிகள் பெட்டியின் அடிப்பக்கமாக, ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ளே வரட்டும். துளையை அடைக்கும் சிலிக்கன் பசை வினாகிரி மணம் அடித்தால் அதைப் பெட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்த அமிலம் செம்பை அரிக்கும். மணமில்லாத நடுநிலை ரகம் என்று கேட்டு வாங்குங்கள், மூடியை மூடும் முன் பசை முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள்.